இடித்தது எந்தக் கிழமை

பூமாரியின் ஆம்னி வேன் நொறுங்கியபோது அவள் அதற்குள் இல்லை. சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டிருந்தாள்.

உத்தமபாளையத்தில் அவள் ஒரு பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். கம்பம், சின்னமனூர், தேனி என்று எங்கே முகூர்த்தம் என்றாலும் மணப்பெண் அலங்காரத்துக்கு அவளைக் கூப்பிடுவார்கள். விடிவதற்குள் பெண் வீட்டில் நிற்க வேண்டிய வேலை. ஒருமுறை பஸ்ஸை நம்பித் தாலி கட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, பெண்ணின் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் பழைய ஆம்னி ஒன்றை வாங்கி, தானே ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவள் கணவன் அழகுமலை, எரிந்துபோன பம்பு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மனைவி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போவதில் அவனுக்குக் கொஞ்சம் கூச்சம், நிறையப் பெருமை.

அது 2006, ஆவணி மாதம். சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் முகூர்த்தத்துக்குச் சாமான்கள் வாங்கிக்கொண்டு கம்பத்திலிருந்து வந்தவள், ஊருக்குச் சற்று முன்னால் ஒரு புளியமரத்தின் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். எதிரே திராட்சைக் கூடைகள். கடைக்காரம்மா தராசைத் தூக்கும்போது முதுகுக்குப் பின்னால் இரும்பு கிழிவது போலச் சத்தம் கேட்டது. திரும்பினாள். ஆம்னி புளியமரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதன் பின்பக்கத்துக்குள் ஒரு கமாண்டர் ஜீப் மூக்கை நுழைத்திருந்தது. கம்பம்மெட்டு மலை ஏறி ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் பெண்கள், ஜீப்பின் பின்பக்கமாக ஒருவர்மேல் ஒருவர் சரிந்து இறங்கினார்கள்.

டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒருத்தி மட்டும் எழவில்லை. ரோட்டில் விழுந்து கிடந்தாள். முகம், கழுத்து, சேலை எல்லாம் ஒரே சிவப்பு. பூமாரி ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டியது தூள். ஆம்னியின் பின்னால் இருந்த மேக்கப் பெட்டி வெடித்து, குங்குமமும் ரோஸ் பவுடரும் அவள்மேல் கொட்டியிருந்தன. ரத்தம் இல்லை என்று பூமாரி மூச்சு விட்டபோதுதான் அந்த அம்மாளின் வலது தொடை மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருப்பதைப் பார்த்தாள்.

"எங்காலு இருக்கா தாயி?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"இருக்குக்கா. அசையாதீக."

அவள் பெயர் மொக்கம்மாள்.

ஜீப்பின் சொந்தக்காரர் ஆதித்தன் சீக்கிரமே பைக்கில் வந்து சேர்ந்தார். ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். ஜீப்பை மலைக்கு ஆள் ஏற்ற வாடகைக்கு விட்டிருந்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு அலங்காரம் செய்தது பூமாரிதான். அவர் தோட்டத்து மோட்டார்கள் கெட்டால் அழகுமலையின் கடைக்குத்தான் வரும். அவர் ஒரு வேன் பிடித்து, மொக்கம்மாளைக் கம்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆம்னியைத் தனக்குத் தெரிந்த வொர்க்ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போகவும் ஏற்பாடு செய்தார்.

"நீ ஒண்ணுக்கும் வெசனப்படாத தாயி," என்றார் பூமாரியிடம். "எம்மேலதான் தப்பு. நான் இருக்கேன்ல. இன்சூரன்சு இருக்கு. போலீசு கீலீசுன்னு நீ எங்கயும் அலைய வேணாம். திங்கக்கெழம வீட்டுக்கு வாரேன், பேசிக்கிருவோம்."

தப்பைத் தானே ஒத்துக்கொள்ளும் மனிதரை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. நிம்மதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு ஆட்டோவில் போனாள். இரவல் வாங்கிய பவுடரை வைத்து அலங்காரத்தை முடித்தாள். பெண்ணுக்குப் பொட்டு வைக்கும்போது மட்டும் கை ஒருமுறை நின்றது.

திங்கட்கிழமை மத்தியானம் சொன்னபடி ஆதித்தன் வந்தார். ஒரு கூடை திராட்சையும் கொண்டுவந்திருந்தார். காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, நடந்தது இன்னைக்குன்னு வச்சுக்கிருவோம்."

"எதுண்ணே இன்னைக்கு?"

"இடிச்சது."

பூமாரி அழகுமலையைப் பார்த்தாள். அவன் ஆதித்தனைப் பார்த்தான்.

"இடிச்சது முந்தாநேத்துண்ணே. சனிக்கெழம."

"அது நமக்குத் தெரியும். ஆனா ஜீப்போட இன்சூரன்சு ஆடியிலயே முடிஞ்சு போச்சு. நான் கவனிக்கல. இன்னைக்குக் காலைலதான் போய்க் கட்டிட்டு வந்தேன். அதுனால இன்னைக்குச் சாயங்காலம் இடிச்சுச்சுன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டா எல்லாஞ் சரியாப் போகும். ஒன் வண்டிக்கும் வரும். அந்த மொக்கம்மாளுக்கும் காலுக்கு வரும்."

"இன்னைக்குச் சாயங்காலம் இன்னும் வரவே இல்லையேண்ணே."

"அதான், வரட்டும்னுதான் சொல்றேன்," என்றார் ஆதித்தன், பொறுமையாக. "சனிக்கெழமன்னு நீ சொன்னா அந்தப் பொம்பளைக்கு ஒத்தப் பைசா கெடைக்காது. பாவம் பாத்துக்க. இன்னைக்குத்தான் தொடைல கம்பி வச்சிருக்காக."

அவர் போன பிறகும் பூமாரி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் கேட்டதில் எது தப்பு என்று சட்டென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரையும் ஏமாற்றச் சொல்லவில்லை. இடித்தது உண்மை. கால் ஒடிந்தது உண்மை. கிழமை மட்டுந்தான் வேறு.

"ரெண்டு நாள்தான," என்றான் அழகுமலை. "யாருக்கு என்ன நட்டம்?"

"நமக்கு இன்சூரன்சு இருக்குல்ல? அத என்ன பண்றது?"

"அவுக இடிச்சதுக்கு நம்ம இன்சூரன்சு ஏன் குடுக்கணும்?"

அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. பீரோவிலிருந்து பாலிசியை எடுத்து, அதில் இருந்த தேனி அலுவலகத்து எண்ணுக்குப் போன் செய்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"ஓன் டேமேஜா, தேர்ட் பார்ட்டியா மேடம்?"

"தேர்ட் பார்ட்டின்னா யாரு?"

"அவுங்க இன்சூரன்ஸ்ல கேக்குறதா இருந்தா நீங்கதான் தேர்ட் பார்ட்டி."

"நான் எப்படி மூணாவது? எங்க வண்டிதான மொதல்ல அங்கன நின்னுச்சு? அவுகதான வந்து இடிச்சாக?"

அந்தப் பெண் சிரிக்காமல் விளக்கினாள். யார் மேல் தப்பு இருந்தாலும் பூமாரி தன் கம்பெனியிலேயே கேட்கலாம், பாலிசி நடப்பில் இருக்கிறது, உடனே தகவல் கொடுக்க வேண்டும், சர்வேயர் வந்து வண்டியைப் பார்ப்பார். பூமாரிக்குப் பாதி விளங்கியது. பிறகு அந்தப் பெண் கேட்டாள்:

"ஆக்சிடென்ட் ஆன தேதி சொல்லுங்க மேடம்."

பூமாரி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான், தான் சொன்னது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று உறைத்தது.

மறுநாள் பஸ் ஏறிக் கம்பம் போனாள். மொக்கம்மாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். காது மடலின் பின்னால் இன்னும் சிவப்புத் தூள் போகாமல் இருந்தது. பூமாரி ஒரு துணியை நனைத்து அதைத் துடைத்துவிட்டாள்.

"நீதான அன்னைக்கு எங்காலு இருக்குன்னு சொன்னது?" என்றாள் மொக்கம்மாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இடிச்சது திங்கக்கெழமன்னு சொல்லச் சொல்லியிருக்காக. நேத்து ராத்திரி பூராம் அதத்தான் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டிருக்கேன். திங்கக்கெழம சாயங்காலம் வேல முடிஞ்சு வந்தோம், புளியமரத்துக்கிட்ட இடிச்சிருச்சு. சரியா வருதா?"

"வருதுக்கா."

"ஆனா திங்கக்கெழம நான் இங்கன படுத்துக் கெடந்தேனே. நர்சம்மா ஊசி போட்டாகளே. அது எந்தக் கெழமன்னு கேட்டாகன்னா என்னத்தச் சொல்றது? அத அவுக சொல்லிக் குடுக்கல."

பூமாரி நனைந்த துணியை மடித்து வைத்தாள்.

"நீ என்ன சொல்லப் போற தாயி?"

"இன்னும் தெரியலக்கா."

மொக்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுக சொன்னத மாத்தி எதும் சொல்லிறாத. எனக்கு ஒரே மக. கெட்டிக் குடுத்துட்டேன். எவங்கிட்டயும் போய் நிக்காம மலைக்குப் போய்ப் பொழச்சுக்கிட்டிருந்தேன். இந்தக் கால வச்சுக்கிட்டு இனி மல ஏற முடியுமா?"

திரும்பி வரும்போது அந்தப் புளியமரத்தருகே பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஏன் இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. மரத்தில் பட்டை பெயர்ந்த இடம் வெள்ளையாக இருந்தது. திராட்சைக் கடைக்காரம்மா அவளை அடையாளம் கண்டு, "நேத்து இடிச்சது ஒன் வண்டிதான?" என்றாள்.

"நேத்தாம்மா இடிச்சுச்சு?"

"நேத்துன்னுதான சொல்றாக," என்றாள் அவள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அதைக் கேட்டதும் ஒரு நொடி பூமாரிக்குத் தலை சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போனேனே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெண் வீட்டில், வண்டி எங்கே என்று கேட்டார்களே. இரவல் பவுடர் மணப்பெண்ணின் முகத்தில் திட்டுத் திட்டாக நின்றதே. அதெல்லாம் நடந்ததுதானே?

சர்வேயர் புதன்கிழமை வொர்க்ஷாப்புக்கு வந்தார். அழகுமலை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லியிருந்தான். தேதியைக் கேட்டதற்கு, நேரில் சொல்கிறோம் என்று சமாளித்திருந்தான். சர்வேயர் பெயர் கிறிஸ்டோபர். தேனிக்காரர். அன்றைக்கு இன்னும் பல வண்டிகளைப் பார்க்க வேண்டிய அவசரத்தில் இருந்தார். ஆம்னியைச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"டோட்டல் லாஸ்மா."

"அப்படின்னா?"

"வண்டி போயிருச்சுன்னு அர்த்தம்."

"எங்க போச்சு? அதான் நிக்கிதே."

"நிக்கிது. ஆனா கம்பெனிக் கணக்குல இல்ல. சரி பண்ற செலவு வண்டி மதிப்பக் கிட்டத்தட்டத் தொட்டுரும். அதுனால வண்டிய அவுக எடுத்துக்கிட்டு மதிப்பக் குடுத்துருவாக."

இடித்தவரிடமிருந்து எதுவும் வராமல், இடிபட்ட வண்டியும் கையை விட்டுப் போவதுதான் இன்சூரன்ஸா என்று அவளுக்குக் குழம்பியது. கிறிஸ்டோபர் பேனாவைத் திறந்தார்.

"எப்ப இடிச்சுச்சு?"

"சனி..." என்றாள். அழகுமலை இருமினான். "திங்க..." என்றாள்.

கிறிஸ்டோபர் பேனாவை மூடினார். "இங்க பாருங்கம்மா, நான் வண்டியப் பாக்கத்தான் வந்தேன். ஒங்க பாலிசிக்கு எந்தக் கெழமையா இருந்தாலும் ஒண்ணுதான். நாளைக்குள்ள யோசிச்சு ஒரே தேதியா எழுதிக் குடுங்க. ரெண்டு தேதி குடுத்தாத்தான் எனக்கு வம்பு."

அவர் போன கொஞ்ச நேரத்தில் ஆதித்தன் வொர்க்ஷாப்புக்கு வந்தார். இவர்கள் இன்னும் ஸ்டேஷனுக்குப் போகவில்லை என்று தெரிந்து வேகமாக வந்திருந்தார்.

"என்னம்மா, ஒங்க கம்பெனிக்காரன் வந்து பாத்துட்டுப் போயிட்டானாம்ல? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? என்ன தேதி சொன்ன?"

"இன்னும் சொல்லலண்ணே."

"என்ன யோசன? ஒன் நன்மைக்குந்தான சொல்றேன்."

"எனக்கு எங்க பாலிசியிலயே வந்துரும்னு சொல்றாகண்ணே. எந்தக் கெழமன்னாலும் வருமாம்."

ஆதித்தனின் முகம் மாறியது. "ஒனக்கு வந்துரும். எனக்கு? சனிக்கெழமன்னு எழுதுனா அந்தப் பொம்பள கேசு போடுவா. கோர்ட்டுல அவளுக்கு என்ன போடுறாகளோ அம்புட்டையும் நான்தான் கட்டணும்! என் தோட்டத்தையில்ல ஜப்தி பண்ணுவாக!"

வொர்க்ஷாப்பில் தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் நின்றது.

பூமாரி மெதுவாகக் கேட்டாள். "சனிக்கெழமன்னா அவுகளுக்கு ஒண்ணுமே கெடைக்காதுன்னு சொன்னீகளேண்ணே?"

ஆதித்தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"கெடைக்கும். நீங்க குடுக்கணும். அதான?"

"நான் என்ன குடுக்காம ஓடிப்போற ஆளா?" என்று கத்தினார். குரல் உடைந்திருந்தது. "ஆப்பரேசனுக்கு யாரு கட்டுனது? நான்தான கட்டுனேன்? ரெண்டு வருசமா திராட்சையில அடிதான். ஒரு இன்சூரன்சு கட்ட மறந்ததுக்கு என் குடியவே கெடுப்பியா நீ?"

அவர் கண்கள் கலங்கியிருந்தன. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அவளும் அழகுமலையும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். படி ஏறும்போது அழகுமலை, "அவுக தோட்டத்துல இருந்து இனி மோட்டார் வராது," என்றான். கோபமாக இல்லை, ஒரு தகவலைப் போலச் சொன்னான். "சரி, நடந்தத நடந்தபடி சொல்லு. பொய்யச் சொல்லிட்டு அத யாரு நெனப்புல வச்சுக்கிட்டுத் திரியிறது?"

சனிக்கிழமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றாள். அது உண்மைதான்.

மொக்கம்மாளுக்குத் தானே சொல்ல வேண்டும் என்று மறுநாள் கம்பம் போனாள். ஆதித்தன் கொடுக்கத்தான் வேண்டும், கோர்ட்டில் கேட்டால் கிடைக்கும் என்றெல்லாம் சொன்னாள். மொக்கம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஒனக்கு ஒன் வண்டிதான் பெருசு," என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம் எல்லாம் இழுத்துக்கொண்டே போனது. ஒருநாள் கம்பெனி லாரி வந்து ஆம்னியைத் தூக்கிக்கொண்டு போனது. பின் சீட்டுக்கு அடியில் கிடந்த உடைந்த வளையல்களைக்கூட எடுக்க மறந்துவிட்டாள். கம்பெனி கொடுத்ததோடு கொஞ்சம் கடன் வாங்கிச் சேர்த்து, இன்னொரு பழைய ஆம்னி வாங்கினாள். ஆதித்தனின் சொந்தக்காரர்கள் வீட்டு முகூர்த்தங்களுக்கு அவளைக் கூப்பிடுவது நின்றது.

மொக்கம்மாளின் கேஸ் உத்தமபாளையம் கோர்ட்டுக்கு வந்தபோது பூமாரி சாட்சி சொல்லப் போனாள். ஆதித்தனின் வக்கீல் இன்னமும் திங்கட்கிழமையை விடவில்லை. இவளுக்கும் ஆதித்தனுக்கும் பகை என்றார். வண்டிக்குப் பணம் சீக்கிரம் வாங்குவதற்காகத் தேதியை மாற்றிச் சொல்கிறாள் என்றார். அதில் என்ன கணக்கு என்று பூமாரிக்குப் பிடிபடவே இல்லை. ஆனால் அவர் அத்தனை உறுதியாகச் சொன்னதைக் கேட்டபோது, பழையபடி தலை சுற்றியது.

பிறகு மொக்கம்மாள் ஊன்றுகோலோடு சாட்சிக் கூண்டில் ஏறினாள். அவள் என்ன சொல்வாள் என்று யாருக்கும் தெரியாது. எந்தக் கிழமை என்று கேட்டார்கள். ஆதித்தனைப் பார்த்தாள். பூமாரியைப் பார்த்தாள்.

"சனிக்கெழமதான். மறுநா ஞாயிறு. தலைக்கு எண்ண தேச்சுக் குளிச்சிட்டு எம்மகளப் பாத்துட்டு வரணும்னு நெனச்சுக்கிட்டே உக்காந்து வந்தேன். போக முடியல."

வக்கீல் அதற்கு மேல் கேட்கவில்லை. கொஞ்ச மாதம் கழித்து இரண்டு பக்கமும் பேசி முடித்தார்கள். ஆதித்தன் ஜீப்பை விற்றார். தோட்டத்தில் ஒரு துண்டையும் விற்றுப் பணத்தைக் கட்டினார். மீதித் தோட்டம் தப்பித்தது. மொக்கம்மாளுக்குக் கிடைத்தது அவள் கேட்டதைவிடக் குறைவு. ஆனாலும் மகள் ஊரிலேயே ஒரு பெட்டிக்கடை வைத்துக்கொண்டாள். அடுத்த கோடையில், தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் எரிந்துபோனபோது ஆதித்தன் வேறு எங்கும் அனுப்பாமல் அழகுமலையின் கடைக்கே அனுப்பினார். அழகுமலை நல்ல கம்பியாகப் போட்டுக் கட்டிக் கொடுத்தான்.

ஒருநாள் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் பூமாரி மொக்கம்மாளைப் பார்த்தாள். சாக்குப் பையில் கடைச் சரக்கு வாங்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பூமாரி வண்டியை நிறுத்தி இறங்கினாள். கொஞ்ச நேரம் இருவரும் கால் எப்படி இருக்கிறது, மகள் எப்படி இருக்கிறாள் என்று பேசினார்கள்.

"அக்கா, கோர்ட்டுல ஏன் மாத்திச் சொன்னீக?" என்று பூமாரி கேட்டே விட்டாள்.

"நான் எங்க மாத்துனேன்? திங்கக்கெழமய மனப்பாடம் பண்ணிப் பாத்தேன். வாயில நிக்க மாட்டேன்னுருச்சு." மொக்கம்மாள் பையைக் கை மாற்றிக்கொண்டாள். "நீ அன்னைக்கே திங்கக்கெழமன்னு சொல்லியிருந்தா எனக்குச் சீக்கிரம் கெடச்சிருக்குமோ? கூடக் கெடச்சிருக்குமோ?"

பூமாரி யோசித்தாள். கிடைத்திருக்கலாம். பொய் என்று கண்டுபிடித்து ஒன்றுமே கிடைக்காமலும் போயிருக்கலாம். இரண்டையும் வக்கீல்கள் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"தெரியலக்கா."

"எனக்குந் தெரியல," என்றாள் மொக்கம்மாள். "இன்னும் எம்மேல கோவமாக்கான்னு நீ கேக்கலையே?"

"கோவமாக்கா?"

"அதுந் தெரியல." அவள் சாக்குப் பையைப் பூமாரியிடம் நீட்டினாள். "இந்தா, இதப் பிடி. கடை வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டுப் போ. பஸ்ஸுல இந்தக் கால மடக்கவே முடியல."

பூமாரி பையைப் பின்னால் வைத்தாள். முன் சீட்டில் மொக்கம்மாள் ஏறி, காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.